உப்பைத் தேடச் சொன்ன தகப்பனார்

12 வயதில் குருகுலத்துக்குப் போய், 12 வருஷம் வேதங்கள் அனைத்தையும் அத்தியயனம் செய்து முடித்து, 24-ஆவது வயதில் தன்னைவிடக் கற்றவன் இல்லை என்ற நினைப்போடு வீடு திரும்பிய சுவேதகேதுவை, அவனுடைய தகப்பனார் உத்தாலக ஆருணி எவ்விதம் பரீட்சித்தார் என்பதைச் சாந்தோக்கிய உபநிஷத்தின் ஆறாவது அத்தியாயம் விஸ்தாரமாகச் சொல்கிறது. மகன் கற்று வந்த மந்திரங்களை ஒப்பிக்கும்படி அவர் கேட்டது ஒரே ஒரு தடவைதான். மனசு அன்னத்தால் ஆனது என்று அவர் முதலில் வாயால் சொல்லிப் பார்த்தார். பிள்ளைக்கு அது போதவில்லை, இன்னும் விளங்கச் சொல்லவேண்டும் என்று வேண்டினான். அதன்மேல் 15 நாள் ஆகாரமில்லாமல் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருக்கச் செய்து, பிறகு ருக்கையும் யஜுஸையும் சாமத்தையும் சொல் பார்க்கலாம் என்றார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்று அவன் கையை விரித்தான். போய்ச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். சாப்பிட்டு வந்ததும் கேட்டதெல்லாம் வந்தது. தகப்பனார் சொன்னபோது ஏறாத விஷயம், வயிறு காய்ந்து நிறைந்தபோது ஏறிவிட்டது.

அதற்குப் பின் நடந்தவைதான் நம்மில் பலருக்கும் தெரிந்த கதைகள். ஆலம்பழம் ஒன்றைக் கொண்டுவரச் செய்து, பிளக்கச் சொல்லி, உள்ளே இருந்த நுண்ணிய விதைகளில் ஒன்றையும் பிளக்கச் சொல்லி, இப்போது என்ன தெரிகிறது என்று கேட்டார். ஒன்றுமே தெரியவில்லை என்றான் மகன். கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்மையிலிருந்துதான் இத்தனை பெரிய ஆலமரம் எழுந்து நிற்கிறது என்றார் அவர். பின்பு உப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காலையில் வரச் சொன்னார். காலையில் வந்தவனிடம், இரவு போட்ட உப்பை எடுத்துக் கொடு என்றார். பாத்திரத்துக்குள் கையைவிட்டுத் துழாவிப் பார்த்து, அகப்படாமல் அவன் விழித்து நின்ற அந்தக் கணத்தை உபநிஷத்து ஒரே வரியில் கடந்துவிடுகிறது. எனக்கோ அத்தியாயம் முழுவதிலும் அந்தத் துழாவுகிற கைதான் கண்முன் நிற்கிறது. மேலிருந்து ஒரு வாய், நடுவிலிருந்து ஒரு வாய், அடியிலிருந்து ஒரு வாய் என்று பருகவைத்து, எங்கும் உப்பாகவே இருக்கிறது என்று அவன் நாவாலேயே சொல்லவைத்த பிறகுதான் தகப்பனார் தத்துவத்தை எடுத்தார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எழுதவைத்துச் சோதிப்பதோடு நில்லாமல், எல்லாப் பாடங்களிலும் ஏதேனும் ஒன்றைக் கையால் செய்யவைத்தும் சோதிக்கவேண்டும் என்று கல்வி சாஸ்திரிகள் சொல்லும்போது, இது நேற்று முளைத்த மேனாட்டுப் புதுமை என்று முகம் சுளிப்பவர்களையும், இதுவே சகல நோய்க்கும் மருந்து என்று கொண்டாடுபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இரு சாராரும் உத்தாலகரை மறந்தவர்கள். இந்த முறையின் அடியில் ஒரு பழைய தத்துவப் பிரச்சினை கிடக்கிறது. முப்பது வருஷத்துக்குமேல் ரசாயனம் சொல்லிக் கொடுத்த எனக்கு, வேலையில் இருந்த காலத்தைவிட ஓய்வு பெற்ற பிறகுதான் அது அதிகமாகத் தொந்தரவு கொடுக்கிறது. ஒருவனுக்கு ஒரு விஷயம் தெரியும் என்பது இன்னொருவனுக்கு எப்படித் தெரிகிறது?

காட்சி, கருதல், உரை என்று சைவ சித்தாந்திகள் மூன்று அளவைகளை வகுத்திருக்கிறார்கள். பிறன் உள்ளத்திலிருக்கும் அறிவு நம் காட்சிக்கு எட்டாது. எனக்குத் தெரியும் என்று அவனே சொல்லும் உரையை நம்பிவிடுவதானால் பரீட்சை என்ற ஒன்றே வேண்டியதில்லை. மிஞ்சுவது கருதல், மலைமேல் புகையைப் பார்த்து அங்கே நெருப்பு இருக்கிறது என்று கருதுவதுபோல, விடைத்தாளிலுள்ள எழுத்தைப் பார்த்தோ மேஜைமேல் நடக்கும் வேலையைப் பார்த்தோ, உள்ளே அறிவு இருக்கிறது என்று நாம் கருதிக்கொள்கிறோம். எழுத்தும் புகைதான், செய்கையும் புகைதான். செய்கை என்பது நெருப்புக்குச் சற்றுக் கிட்டத்தில் எழுகிற புகை, அவ்வளவே. மார்கழிக் காலையில் மலையைச் சூழ்ந்த பனியைப் புகை என்று எண்ணி, தீ மூட்டிக் குளிர்காய்கிறார்கள் என்று நம்பி ஏறிப்போனவனுக்கு நேர்வது பரீட்சகனுக்கும் நேரக்கூடும். வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செய்கையையே உரைகல்லாக வைத்தார் என்பது உண்மை. ஆயினும் கல்லில் உரைத்த பொன்னின் கீற்று தானாக வாய் திறந்து மாற்றுச் சொல்வதில்லை. பத்தருடைய கண் அதைப் படித்தாக வேண்டும்.

பனியைப் புகையாக எண்ணிய கதை ஒன்று என்னிடமும் உண்டு. மேல்நிலைப் பள்ளிகளில் வேதியியலுக்கு 200 மதிப்பெண்ணும், அதில் 150 எழுத்துத் தேர்வுக்கும் 50 செய்முறைக்கும் என்று இருந்த காலத்தில், ஒரு வருஷம் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றுக்குப் புறத்தேர்வாளராகப் போயிருந்தேன். பருமனறி பகுப்பாய்வு: பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட், குடுவையில் பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டும் கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலமும். இதற்கென்று தனியாக ஒரு நிறங்காட்டி வேண்டாம். பெர்மாங்கனேட்டின் கடைசிச் சொட்டு விழுந்ததும் வெளிறிய ரோஜா நிறம் கலையாமல் நின்றுவிட்டால் அங்கே அளவைக் குறிக்கவேண்டும். அன்றைய கரைசலுக்கு வரவேண்டிய அளவு 19.6 மில்லி என்பது எனக்கும் அகத்தேர்வாளருக்கும் தெரியும். அரை மணி நேரத்துக்குள் அது எப்படியோ மாணவர்களுக்கும் தெரிந்துவிட்டது என்பது வரிசை வரிசையாக 19.6, 19.6, 19.6 என்று தாளில் விழுந்துகொண்டிருந்ததில் தெரிந்தது. ஒரு பையனுடைய பியூரெட்டில் திரவம் 23-ஐத் தாண்டி நிற்க, அவன் தாளிலும் 19.6 இருந்தது.

மூலையில் நின்ற ஒரு பெண் மட்டும் 20.2, 20.3, 20.2 என்று எழுதியிருந்தாள். அடர்ந்த நிறமுள்ள கரைசலானதால் மேல் விளிம்பைத்தான் படிக்கவேண்டும் என்பதை மறக்காமல், கண்ணைத் திரவத்தின் மட்டத்துக்குத் தாழ்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் அளவெடுத்ததை நான் பார்த்திருந்தேன். பிசகு எங்கே என்று புரியாமல் பக்கத்தில் போய் நின்று, "ஏம்மா, குடுவைய எதுல கழுவினே?" என்று கேட்டேன். "பியூரெட்ட அதோட கரைசல்லயும், பிப்பெட்ட அதோட கரைசல்லயும் கழுவச் சொன்னாங்க சார். அதான் குடுவையையும் அதுல ஊத்தப்போற கரைசல்லயே கழுவினேன்" என்றாள். குடுவையை வெறும் வடிநீரில்தான் கழுவவேண்டும். உள்ளே ஊற்றப்போகும் கரைசலில் கழுவினால், சுவரில் ஒட்டிய மிச்சமும் கணக்கில் சேர்ந்து அளவு கூடிவிடும். அவள் செய்தது தப்பு. ஆனால் அந்தத் தப்பில் ஒரு நியாயம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணாடிப் பாத்திரங்களுக்குச் சொன்ன விதியை மூன்றாவதற்கும் விரித்துப் பார்த்த புத்தி அங்கே இருந்தது. மூன்று முறையும் ஒரேவிதமாகத் தப்பு செய்து, மூன்று முறையும் கண்டதைக் கண்டபடி எழுதிய நேர்மை வேறு. மதிப்பெண் பட்டியலில் இதையெல்லாம் குறிக்க இடமில்லை, 19.6-க்கு எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பதற்குத்தான் இடமிருந்தது. கை நனையாமல் 19.6 எழுதியவர்கள் அவளைவிட அதிகம் வாங்கினார்கள்; அந்த அதிகத்தைப் போட்ட கை என்னுடையது.

செய்கை இப்படி ஏமாற்றும் என்றால், பேசாமல் கேள்விக்கும் பதிலுக்குமே திரும்பிவிடலாமே என்று தோன்றும். துரோணாசாரியர் அப்படித்தான் செய்தார் என்பது என் அபிப்பிராயம். மரக்கிளையில் செயற்கைப் பறவை ஒன்றை வைத்து அவர் நடத்திய சோதனையை வில்வித்தையின் செய்முறைத் தேர்வுக்கே உதாரணமாகச் சொல்லிவருகிறோம். கதையைச் சற்று நிதானமாகப் படித்தால், அர்ச்சுனனைத் தவிர யாரும் அங்கே அம்பு விடவே இல்லை என்பது தெரியும். தருமன் நாணை இழுத்து நின்றான். என்ன தெரிகிறது என்று கேட்டார் ஆசாரியர். மரமும் தெரிகிறது, தம்பிமாரும் தெரிகிறார்கள், நீங்களும் தெரிகிறீர்கள் என்று அவன் உள்ளதைச் சொன்னான். தள்ளி நில் என்றுவிட்டார். வில்லை வளைக்கவைத்து வாய்மொழித் தேர்வு நடத்திய அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். மரத்தையும் தம்பிமாரையும் ஆசாரியரையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டே பறவையின் கழுத்தையும் அறுக்கக்கூடிய ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் அது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

சொல் வராதவனுடைய கதி என்ன என்பதற்குப் பௌத்தர்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். சூளபந்தகன் என்ற பிக்ஷுவுக்கு நாலு அடிச் செய்யுள் ஒன்று நாலு மாதமாகியும் மனப்பாடமாகவில்லை. ஓர் அடியைப் பிடித்தால் முந்தைய அடி நழுவிற்று. அண்ணனான மகாபந்தகர், நீ இதற்குத் தகுந்தவன் இல்லை என்று மடத்தை விட்டே வெளியேறச் சொல்லிவிட்டார். வாசலில் அவனைக் கண்ட புத்தர் செய்யுள் எதுவும் கொடுக்கவில்லை. வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைக் கொடுத்து, கிழக்கு முகமாக உட்கார்ந்து, அழுக்கு நீங்குக என்ற பொருளுள்ள ஒரே சொல்லைச் சொல்லியவாறு கையால் தேய்த்துக்கொண்டிருக்கச் செய்தார். தேய்க்கத் தேய்க்கத் துணி அழுக்காயிற்று. தூய்மையாயிருந்த ஒன்று தன் கையில் பட்டதாலேயே மாறிற்று என்பதைக் கண்ணெதிரே கண்டவனுக்கு, நாலு மாதமாக ஏறாத அநித்தியம் ஒரு காலைப்பொழுதில் ஏறிவிட்டது. அண்ணன் வைத்த தேர்வில் தேறாதவன் இந்தத் தேர்வில் அருகதர் ஆனான்.

கையின் அறிவைப் பற்றி நம் தேசத்தில் பேசும்போது ஏகலைவனைத் தாண்டிப் போக முடியாது. ஆசாரியர் எதிரில் நின்று கற்காமலே, குரைத்த நாயின் வாயை அம்புகளால் அடைத்துத் தன் வித்தையைக் காட்டிய அவனுடைய செய்முறைக்குக் கிடைத்த மதிப்பீடு, வலதுகைக் கட்டைவிரலைக் கேட்டது. குயவனுக்கும் தச்சனுக்கும் நெசவாளிக்கும் விவசாயிக்கும் கையில் இருந்ததை நூற்றாண்டுக் கணக்காக நாம் வித்தை என்று சொல்லாமல் தொழில் என்றே சொல்லி வந்தோம். ஒப்பிக்கத் தெரிந்தவனையே கற்றவன் என்றோம். 1937-ஆம் வருஷம் அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் கொண்டுவந்து வைத்ததும், ஜாகிர் உசேன் குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்ததும், ஆதாரக் கல்வி என்ற பெயரில் அது நம் பக்கத்துப் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகள் தக்ளி சுற்றியதும் இந்தப் பழைய பாவத்துக்குச் செய்த பிராயச்சித்தம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதே திட்டத்தில், பிள்ளைகளின் உழைப்பில் விளையும் பொருளைக் கொண்டு ஆசிரியர் சம்பளத்தை நாளடைவில் ஈடுகட்டலாம் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. நூற்ற நூலை வைத்துப் பிள்ளையின் அறிவை அளக்கத் தொடங்கிய கை, அந்த நூலை விற்றால் என்ன வரும் என்று கணக்குப் பார்க்கவும் தொடங்கிவிடும்.

1953-இல் ராஜாஜி ஆரம்பப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று கொண்டுவந்த திட்டம் 'குலக்கல்வி' என்று பெயர்பெற்று, மறு வருஷமே காமராஜர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. செய்து கற்பது நல்லது என்ற கொள்கையை அன்று எதிர்த்தவர்கள் மறுக்கவில்லை என்று நினைக்கிறேன். எந்தப் பிள்ளையின் கையில் மண்வெட்டியும் எந்தப் பிள்ளையின் கையில் பேனாவும் விழும் என்பது பிறப்பதற்கு முன்பே தீர்மானமாகியிருந்த தேசத்தில் அந்தக் கொள்கையை நம்ப அவர்களால் முடியவில்லை. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கும் வண்ணார் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே மேஜையில் ஒரே தராசைக் கொடுத்து, இதைச் செய் என்று சொன்னாலொழியக் கைத் தேர்வுக்கு நியாயம் என்ற பெயர் பொருந்தாது.

தராசு என்றதும் நினைவுக்கு வருகிறது. 1995-இல் பல தேசங்கள் சேர்ந்து நடத்திய 'டிம்ஸ்' என்ற கணித, அறிவியல் ஆய்வில், பிள்ளைகளைக் கையால் செய்யவைக்கும் 12 வேலைகள் கொண்ட ஒரு பகுதி இருந்தது. நாடித் துடிப்பை எண்ணுவது, நிழலை அளப்பது, காந்தங்களில் வலியது எது, மின்கலங்களில் தீர்ந்தது எது என்று கண்டுபிடிப்பது, காகிதத்தை மடித்து வெட்டுவது என்று கணக்கையும் விஞ்ஞானத்தையும் தொட்டுப் போன அவற்றில், என் மனத்துக்குப் பிடித்தது களிமண் வேலை. ஒரு தராசு, 20 கிராம் எடைக்கல் ஒன்று, 50 கிராம் எடைக்கல் ஒன்று, பிசையும் களிமண் ஒரு கட்டி. 10 கிராம் உருண்டை ஒன்று செய், 15 கிராம் உருண்டை ஒன்று செய். 20-க்குச் சரியாக ஒரு கட்டி எடுத்து, கல்லை நீக்கிவிட்டு, கட்டியை இரண்டாகப் பிய்த்து இரு தட்டிலும் வைத்து முள்ளைச் சமனாக்கினால் 10 வந்துவிடும். 15-க்கோ கொஞ்சம் யோசிக்கவேண்டும்: ஒரு தட்டில் 50, மறுதட்டில் 20-உம் களிமண்ணும் வைத்தால் களிமண் 30 ஆகிறது, அதைப் பாதியாக்கவேண்டும். உழக்கை இரண்டாக்கி ஆழாக்கும், நாழியை இரண்டாக்கி உரியும் கண்ட நெல்லிலக்கத்துப் பாட்டனார்கள் இதைப் பார்த்தால் சிரித்துக்கொண்டே செய்துவிடுவார்கள்.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஷாவெல்சன், கெயில் பாக்ஸ்டர் முதலியோர் வகுத்த சோதனை ஒன்றில், மூடிய ஆறு பெட்டிகள். ஒன்றினுள் கம்பி இருக்கலாம், ஒன்றில் பல்பு, ஒன்றில் இரண்டு மின்கலம், ஒன்றில் பல்பும் மின்கலமும். ஒன்றில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பெட்டியைத் திறக்கக்கூடாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில் சுற்று அமைத்து, பல்பு எப்படி எரிகிறது, எரிகிறதா என்று பார்த்து, உள்ளே இருப்பதை அனுமானிக்கவேண்டும். ஆலம்விதையைப் பிளந்து ஒன்றுமில்லை என்று சொன்ன சுவேதகேதுவும், மூடிய பெட்டியின்முன் உட்கார்ந்து இதில் ஒன்றுமில்லை என்று எழுதிய அந்தப் பிள்ளையும் என் மனத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், சோதித்தவர்களின் நிலைமையும் அதுவேதான்: அவர்கள் முன்னால் இருந்த பிள்ளையும் ஒரு மூடிய பெட்டி. ஒரு வேலையைப் பிரமாதமாகச் செய்த பிள்ளை அடுத்த வேலையில் தடுமாறிற்று, முந்தியதில் தடுமாறியது பிந்தியதில் தேறிற்று. ஒரு செய்கையைக் கொண்டு ஒரு பிள்ளையைத் தீர்மானிப்பது ஆகாது, பல வேண்டும் என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஒரு பொழுதில் ஒரு பியூரெட்டை வைத்து ஒரு பெண்ணைத் தீர்மானித்த எனக்கு அதைப் படித்தபோது சுருக்கென்றது.

நம் ராஜ்யத்தில் 2012-13 முதல் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீட்டுக்கென்று 40 மதிப்பெண் ஒதுக்கி, செயல்பாடுகளுக்கும் இடம் கொடுத்தார்கள். நல்ல எண்ணம். இரவு பத்து மணிக்குத் தெர்மாகோலை வெட்டி எரிமலை செய்த தகப்பன்மார்களையும், கடையில் விற்ற படங்களை ஒட்டி நிறைத்த நோட்டுகளையும் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் எங்கே போய் நின்றது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

மறுபடியும் சாந்தோக்கியத்துக்கே வருகிறேன். அதன் எட்டாவது அத்தியாயத்தில் இன்னொரு பரீட்சை இருக்கிறது. ஆத்மாவை அறிய வேண்டித் தேவர்கள் சார்பில் இந்திரனும் அசுரர்கள் சார்பில் விரோசனனும் பிரஜாபதியிடம் வந்து 32 வருஷம் பிரம்மசரியம் காத்தார்கள். தண்ணீர்ப் பாத்திரத்தில் பார்க்கச் சொன்னார் பிரஜாபதி, இருவரும் பார்த்தார்கள். அலங்கரித்துக்கொண்டு மறுபடி பார்க்கச் சொன்னார், மறுபடி பார்த்தார்கள். இருவருக்கும் ஒரே பாத்திரம், ஒரே வேலை, கண்டு சொன்ன பதிலும் ஒன்றே. எந்தப் புறத்தேர்வாளன் போயிருந்தாலும் இருவருக்கும் சமமாகவே மதிப்பெண் போட்டிருப்பான். இருவரும் திருப்தியோடு புறப்பட்டுப் போனார்கள். உணராமலே போகிறார்களே என்று பிரஜாபதி பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை சமாதானம் கிடைக்கவில்லை. விரோசனன் ஊர்போய்ச் சேர்ந்து, இந்த உடம்பே ஆத்மா என்று உபதேசம் செய்யத் தொடங்கிவிட்டான். இந்திரனோ பாதி வழியில் நின்றான்: உடம்பு அலங்காரம் பெற்றால் அந்த நிழலும் அலங்காரம் பெறுகிறது, உடம்பு குருடானால் அதுவும் குருடாகுமே, இதில் என்ன நன்மை என்ற சந்தேகத்தோடு திரும்பி வந்தான். இன்னும் 32 வருஷம் இரு என்றார் பிரஜாபதி. அதற்குப் பிறகும் இருமுறை அவன் சந்தேகத்தோடு திரும்பிவர, மேலும் 32, மேலும் 5 என்று ஆக மொத்தம் 101 வருஷம் அவனுக்காகக் காத்திருந்தார்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். குடுவையைத் தண்ணீரில்தான் கழுவவேண்டும் என்று நான் சொன்னதும், அவள் தாளைப் பார்த்தாள், குடுவையைப் பார்த்தாள்; பிறகு மெதுவாக, "பிப்பெட்ட மட்டும் ஏன் சார் கரைசல்ல கழுவணும்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "இன்னொரு தடவ செஞ்சு பாக்கட்டுமா சார்? மார்க்குக்கு இல்ல" என்றாள். மணியடித்துவிட்டது. அடுத்த பிரிவுப் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றார்கள். ஐந்தரை மணி பஸ்ஸை விட்டால் எனக்கு ஏழரைக்குத்தான் அடுத்தது. "நேரமாச்சும்மா, உங்க டீச்சரக் கேட்டுக்கோ" என்றேன். சரி சார் என்று சொல்லிக் குடுவையை எடுத்துப் போய், யாரும் சொல்லாமலே, குழாயடியில் வெறும் தண்ணீரில் மூன்று முறை கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ஆய்வக உதவியாளர் அவளுடைய பியூரெட்டின் திருகைத் திறந்துவிட்டார். மீதியிருந்த ஊதாக் கரைசல் தொட்டியில் ஓடிற்று.